எண்ணப்படாத மறிப்புகள்

ரூ பிலிப்-து-ஜிராரிலிருந்து கார் து நோர் ரயில் நிலையத்துக்கு நடந்தே போய்விடலாம். அந்த நிலையத்தையும் ஷத்லேயையும் சுற்றி ஐந்து இடங்களில் 2007 ஒக்டோபர் முதல் 2008 மே வரை ஓர் ஆய்வு நடந்தது. நடத்தியவர்கள் ஃபாபியான் ஜோபார், ரெனே லெவி என்னும் ஆய்வாளர்கள். பொலிசார் யாரை மறித்து அட்டை கேட்கிறார்கள் என்பதைப் பொலிசாருக்குத் தெரியாமல் நின்று எண்ணுவதுதான் வேலை. 525 மறிப்புகளைப் பதிந்தார்கள். வெள்ளையரோடு ஒப்பிட்டால், கறுப்பர் மறிக்கப்படுவது இடத்தைப் பொறுத்து 3.3 முதல் 11.5 மடங்கு, அராபியர் 1.8 முதல் 14.8 மடங்கு.

ஏன் ஒளிந்து நின்று எண்ண வேண்டும்? மறிக்கப்பட்டவருக்கு இங்கே ஒரு துண்டுகூடக் கொடுப்பதில்லை. கொடுப்போம் என்று 2012 இல் சொன்னார்கள், பிறகு கைவிட்டார்கள். எழுதாதது நடக்காதது.

சீனத்தில் இது தலைகீழ். 1958 இன் குடிப்பதிவு விதிகளின்படி நகரத்தில் மூன்று நாளுக்கு மேல் தங்க வந்தவர் பொலிசில் பதிய வேண்டும். கொழும்பு லொட்ஜுகளில் பொலிஸ் பதிவுத் துண்டைத் தலையணைக்குக் கீழே வைத்துப் படுத்த எம்மவருக்கு இதை விளக்கத் தேவையில்லை. அங்கே எல்லாவற்றையும் எழுதுகிறார்கள், இங்கே எதையும் எழுதுவதில்லை. இரண்டு இடத்திலும் பேனை அவர்களிடம்தான். கார் து நோரில் ஏழெட்டு மாதம் அது கை மாறியிருந்தது.

ஆய்வில் எங்களை உறுத்தியது வேறொன்று. மறிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் பொலிசார் முரட்டுத்தனமாக நடந்ததாகச் சொல்லவில்லை. 'பிறகென்ன பிரச்சினை?' என்றுதான் எம்மவர் கேட்பார்கள். 1979 இன் பயங்கரவாதத் தடைச் சட்டம் அமைச்சரின் கையெழுத்தோடு ஒருவரைப் பதினெட்டு மாதம் வரை வழக்கில்லாமல் அடைத்து வைக்க விட்டது. அதற்குக் கீழே வாழ்ந்தவர்கள் கேட்கத் தெரிந்த கேள்விகள் இரண்டு: அடிச்சவனா? விட்டிட்டானா? இரண்டுக்கும் பதில் சரியென்றால் அது நல்ல பொலிஸ். பயம் செதுக்கித் தந்த அளவுகோல் இது. கடவுச்சீட்டு மாறிய பிறகும் எங்களோடு இருக்கிறது. ஆய்வு கேட்டதோ, இவ்வளவு சனத்துக்குள் ஏன் இவரை என்பதை. 2016 நவம்பர் 9 இல் பிரான்சின் உச்ச நீதிமன்றமும், தோற்றத்தைப் பார்த்து மறித்தால் அது அரசின் பாரதூரமான தவறு என்றது. ஆனால் புள்ளிவிபரம் மட்டும் போதாது, தன் வழக்கில் என்ன நடந்தது என்பதை மறிக்கப்பட்டவர் காட்ட வேண்டும் என்றும் சொன்னது. துண்டு இல்லாதவர் எதைக் காட்டுவது?

லாஷப்பல் கடை வாசல்களில் இதைப் பேசினால், 'காப்பிலியளையும் அடையாக்களையும்தானே பிடிக்கிறான்' என்று ஒரு சிரிப்பு வரும். அந்தச் சொற்களைச் சொல்லும் வாய், ஒரு காலத்தில் கொழும்புச் சோதனைச் சாவடியில் தன் பெயரைச் சொல்லத் தயங்கிய வாய்.

ஆய்வில் இன்னொரு கணக்கும் உண்டு. இளைஞர் பாணியில் உடுத்தவர்கள் அந்த இடங்களில் பத்தில் ஒருவர்தான். மறிக்கப்பட்டவர்களிலோ 47 வீதம். இங்கே பிறந்த எங்கள் பிள்ளைகளும் அப்படித்தான் உடுக்கிறார்கள். 'என்னை மறிச்சவங்கள்' என்று ஒருவன் வீட்டுக்கு வந்து சொன்னால் நாங்கள் முதலில் கேட்பது, 'நீ என்ன செய்தனீ?'