காணிக்கையும் இழப்பீடும்

2023 டிசம்பர்த் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் கொட்டிய மழையோடு, மணலியிலுள்ள சென்னை பெட்ரோலிய நிறுவன வளாகத்திலிருந்து வெளியேறியதாக மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கண்டறிந்த எண்ணெய், பக்கிங்காம் கால்வாயில் கலந்து, கொசஸ்தலையாறு கடலில் சேரும் எண்ணூர்க் கழிமுகம் வரை பரவி, காட்டுக்குப்பம் முதலிய ஊர்களின் படகுகளிலும் வலைகளிலும் அலையாத்தி மரங்களின் வேர்களிலும் அப்பியது. அதைக் கையுறைகூட இல்லாமல் குவளையாலும் வாளியாலும் அள்ளிக் கொட்டியவர்களுள் அந்த ஊர் மீனவர்களே மிகுதி. அந்தக் கறை காயும் முன்பே, அதே மாதம் 26ஆம் நாள் நள்ளிரவில், கோரமண்டல் உர ஆலைக்குச் செல்லும் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து, பெரியகுப்பம், சின்னக்குப்பம் மக்களை மூச்சுத் திணறலோடு தெருவுக்கு விரட்டியது. ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். துறைமுகமும் ஆலைகளும் சூழ்ந்த இந்த வடசென்னைப் பகுதியில் பசித்தவர்க்குச் சோறும், பிள்ளைகளுக்குப் பள்ளிக் கட்டணமும், நோயாளிக்கு மருந்தும் தரும் சிறிய திருச்சபைகள் பல உள்ளன. இத்தகைய சபை ஒன்று, தன் மக்களுக்குத் தீங்கு செய்த ஆலையிடமிருந்தே தன் அறப்பணிக்கு நன்கொடை பெறலாமா என்பது இங்கே எழும் வினா. தீங்குக்கு உரிய இழப்பீடு முழுதும் தீராத வரை பெறலாகாது என்பதே இதற்கு நேர்மையான விடை.

இந்த விடையை வற்புறுத்தும் கடமை மெதடிஸ்ட் மரபுக்கு மற்றெவரினும் மிகுதி. 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ஜான் வெஸ்லியின் எழுப்புதல் இயக்கமாகத் தோன்றி, 1817இல் ஜேம்ஸ் லிஞ்ச் வழியாகச் சென்னைக்கு வந்து, 1947இல் தென்னிந்தியத் திருச்சபையில் இணைந்தது இம்மரபின் வெஸ்லியன் கிளை. ஈட்டல், சேமித்தல், ஈதல் என்று வெஸ்லி வகுத்த மூன்று விதிகளைப் பிரசங்கத்தில் கேளாத சபையார் அரியர். ஆயினும், பணத்தின் பயன்பாடு குறித்து 1760இல் வெளிவந்த அவருடைய பிரசங்கத்தில், ஈட்டலைப் பற்றிய பகுதியின் பெரும்பங்கு எவ்வழியில் ஈட்டலாகாது என்பதையே பேசுகிறது என்பதைச் சொல்வோர் அவரினும் அரியர். பிறர் பொருளையும் உடலையும் ஆன்மாவையும் கெடுத்து வரும் பொருளை அவர் விலக்குகிறார். சாராயம் விற்றுச் செழித்தவரின் மாளிகையிலும் தோட்டத்திலும் இரத்தத்தைக் காண்கிறார். ஈயம் உருக்கும் ஆவி கலந்த காற்றைச் சுவாசிக்க நேரும் தொழில் வலிய உடலையும் அழிக்கும் என்று அந்நாளிலேயே எச்சரிக்கிறார். மூன்றாம் விதியான ஈதலை மட்டும் பிரித்தெடுத்து உண்டியலின்மேல் எழுதி வைப்பவர்கள் வெஸ்லியைப் பாதியாக்கி வைத்திருக்கிறார்கள்.

தமிழ் அறநூல்களும் இதே பக்கம் நிற்கின்றன. தீது கலவாமல் வந்த பொருளே அறத்தையும் இன்பத்தையும் தரும் என்கிற வள்ளுவர், பிறரை அழவைத்துப் பெற்றவை அழ அழப் போய்விடும் என்று வினைத்தூய்மை அதிகாரத்தில் கூறுவதோடு நில்லாமல், பெற்ற தாயின் பசியைக் காண நேர்ந்தாலும் சான்றோர் பழிக்கும் செயலைச் செய்யாதே என்கிறார். பசி என்னும் காரணத்தைக்கூட அவர் விட்டுவைக்கவில்லை. பழியோடு வருமானால் உலகம் முழுவதையும் கொள்ளாதவர்களால்தான் இவ்வுலகம் நிலைபெற்றிருக்கிறது என்று புறநானூற்றில் பாடியவன், கடலுள் மாய்ந்த இளம்பெருவழுதி. அதே தொகையில் ஏணிச்சேரி முடமோசியார், இங்கே கொடுத்தால் மறுமையில் திரும்பி வரும் என்று கணக்கிட்டு அறம் செய்யும் வணிகன் அல்லன் என்று ஆய் மன்னனைப் போற்றுகிறார். குடிநீர்த் தொட்டியிலும் பள்ளிப் பையிலும் பெயரைப் பொறித்துத் தரும் இக்காலக் கொடையை அவர் எந்தச் சொல்லால் குறித்திருப்பார் என்பதை ஊகிப்பது கடினமன்று. பெருவணிகத்தை ஒரே நாளில் துறந்த பட்டினத்தார் அடங்கிய இடமும் இதே வடசென்னையின் திருவொற்றியூர்க் கடற்கரைதான்.

விவிலியமோ இன்னும் கடுமையானது. ஏழையின் பொருளைக் கொண்டு பலி செலுத்துபவனை, தந்தையின் கண்முன் மகனைக் கொல்பவனுக்கு ஒப்பிடுகிறது சீராக்கின் ஞானம். யூதாஸ் திருப்பி எறிந்த வெள்ளிக் காசுகளைக் காணிக்கைப் பெட்டியில் போடலாகாது என்று, இயேசுவைக் கொல்லத் துணிந்த ஆசாரியர்களே தயங்கினார்கள். எல்லாவற்றுக்கும் மேலாகச் சகேயுவின் வரலாறு இங்கே ஊன்றிப் படிக்கத்தக்கது: வரி வசூலித்துச் செல்வனான அவன், ஆஸ்தியில் பாதியை ஏழைகளுக்குத் தருவதாகச் சொன்னான், அதனோடு, அநியாயமாக வாங்கியதை வாங்கியவரிடமே நாலத்தனையாய்த் திருப்பித் தருவதாகவும் தனியே சொன்னான். முன்னது ஈகை, பின்னது கடன். ஒன்று மற்றொன்றை ஈடு செய்யாது. இந்திய நிறுவனச் சட்டமும் இவ்வேறுபாட்டை அறியும். 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் 135ஆம் பிரிவு, குறித்த அளவுக்கு மேற்பட்ட நிறுவனங்கள் மூன்றாண்டுச் சராசரி நிகர லாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பொறுப்பு நிதியாகச் செலவிட வேண்டும் என்கிறது. வேறொரு சட்டப்படி செய்தே தீர வேண்டிய கடமைக்கான செலவை அந்தக் கணக்கில் சேர்க்க அதன் விதிகள் இடம் தரவில்லை. சட்டமே கலக்க மறுக்கும் இரண்டையும் ஒரு சபையின் நன்றிக்கூட்டம் கலந்துவிடுகிறது. சால்வை போர்த்திய கையால் அடுத்த மாதம் இழப்பீட்டு மனுவில் சாட்சிக் கையெழுத்திட, சபையை நடத்தும் எந்தச் சேகரக் குழுவுக்குத் துணிவு வரும்?

இத்தகைய வழக்கு புதியதன்று. 1834 முதல் மதுரையில் பணிசெய்த அமெரிக்க மிஷன் போர்டு, 1905இல் எண்ணெய்ச் செல்வர் ராக்பெல்லரிடம் ஒரு லட்சம் டாலர் பெற்றபோது, அது கறைபட்ட பணம் என்று போதகர் வாஷிங்டன் கிளாடன் எதிர்த்தார். தானாக வந்த கொடை என்று கருதப்பட்ட அதை, போர்டே வலிந்து கேட்டுப் பெற்றது என்பது பின்னர் வெளிப்பட்டது. இழுக்கு, பணம் வந்து சேர்வதற்கு முன்பே, கேட்கச் சென்ற கடிதத்திலேயே தொடங்கிவிட்டது.

நன்கொடையை மறுப்பது ஆளை மறுப்பதாகாதா என்பர் சிலர். ஆகாது; வரவேற்பு மனிதருக்கு, ஆராய்ச்சி பணத்துக்கு. ஆலையின் மேலாளரும், அதே ஆலையில் ஒப்பந்தக் கூலியாக எண்ணெய்த் தொட்டி கழுவுபவரும், சாதி எதுவாயினும் மதம் எதுவாயினும், ஒரே பாயில் அமரத் தக்கவர்கள். பந்தியில் சாதி பார்ப்பவரைச் சபையில் ஏற்பதில்லை என்று 1850இல் சென்னை மிஷனரி மாநாடு துணிந்தது. பொன்மோதிரம் அணிந்தவனுக்கு நல்ல இடமும் கந்தை உடுத்தவனுக்குக் காலடியும் காட்டுவதை யாக்கோபு கண்டித்தார். சபையார் கூடி உண்ணும் அசன விருந்தில் பெருங்கொடையாளருக்கு மேடை நாற்காலி போடும்போது இவ்விரண்டும் ஒருசேர மறக்கப்படுகின்றன. இந்தச் சமத்துவம் விருந்தோடு நிற்பதுமன்று: திருவள்ளூரை அடுத்த ஈக்காட்டுக் கிராமத்தில் பணிசெய்த வெஸ்லியன் மிஷனரி வில்லியம் கௌடி, தாழ்த்தப்பட்டோர்க்கு நிலம் கிடைக்கவிடாத மிராசுதார்களின் பிடியைப் பற்றி 1894இல் எழுதினார். உரிமை கேட்பதும் ஊழியம் என்று ஒரு கிராமத்து மெதடிஸ்ட் அன்றே கண்டுகொண்டார்.

பசித்த வயிறு பணத்தின் மூலத்தை விசாரிப்பதில்லை என்ற வாதத்துக்கும் ஓரளவு பொருள் உண்டு; உண்டி கொடுத்தலின் பெருமையை மணிமேகலை பேசியிருக்கிறது, உயிர் போகும் வேளையில் யார் கையிலிருந்தும் மருந்து வாங்கலாம். ஆனால் பசியைக் காட்டிப் பெறும் பணம் கூரை மாற்றவும் ஒலிபெருக்கி வாங்கவும் போவதும் உண்டு.

சமைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனிப்பானையில் இட்டு வைக்கும் பெண்களின் கைப்பிடி அரிசிக் காணிக்கையாலும், அறுப்பின் பண்டிகை ஏலத்தில் ஒரு பூசணிக்காயைப் பத்துப் பேர் மாறிமாறி ஏலம் எடுத்துத் திரும்பக் கொடுப்பதாலும் நடந்துவந்தவை இச்சபைகளின் ஊழியங்கள். இராயபுரத்தில் 1829இல் எழுந்த இராயப்பர் கோயிலும், மரபு வேறாயினும், படகோட்டிகள் கட்டியதே. எண்ணெய்க் கசிவுக்குப் பின் அரசு மீனவக் குடும்பத்துக்கு அறிவித்த ரூ.12,500 நிவாரணம் மட்டுமே. அது, கெட்ட கழிமுகத்துக்கும் இழந்த மீன்பாட்டுக்கும் ஈடு அன்று. ஆகவே எண்ணூர், திருவொற்றியூர், இராயபுரம் சேகரக் குழுக்கள் அடுத்த பண்டிகைக்கு ஆலைகளிடம் நன்கொடை கேட்கும் கடிதத்தை நிறுத்திவிட்டு, தங்கள் மக்களுக்குரிய இழப்பீடு எந்த நிலையில் இருக்கிறது என்று கேட்டு, அதே முகவரிக்கு வேறொரு கடிதம் எழுதட்டும்.