குரங்கின் கோத்திரம்

தர்மபுரியிலிருந்து வத்தல்மலைக்கு ஏறும் பாதையில் கொண்டை ஊசி வளைவுகளுக்குக் குறைவில்லை. வளைவுகளில் குரங்குகளுக்கும் குறைவில்லை. மேலே, காப்பிச் செடிகளுக்கு நடுவே ஒரு பலா மரத்தடியில் பெரியவர் ஒருவர் தகர டப்பாவைத் தட்டிக்கொண்டு காவல் இருந்தார். "அனுமாரை விரட்டுகிறீர்களே, பாவமில்லையா?" என்று விளையாட்டாகக் கேட்டேன்.

"இது அனுமார் ஜாதி இல்லீங்க சாமி. அது மூஞ்சி கறுப்பா இருக்கும். இது வெறுங் குரங்கு" என்றார்.

அவர் சொன்னது சாஸ்திரப்படியும் சரிதான். கன்னத்தில் பையை வைத்துக்கொண்டு கிடைத்ததை அடக்கும் நாட்டுக் குரங்கு வேறு. இலை தின்று ஜீரணிக்கும் மந்தி வேறு. ஆனால், ஜாதி தெரிந்தால் பாவ புண்ணியம் தீர்ந்துவிடுமா என்ற கேள்வி என்னை விடவில்லை.

நீலகிரி, ஆனைமலைக் காடுகளில் கருமந்தி இருக்கிறது. உடம்பெல்லாம் கறுப்பு, தலையில் மட்டும் பழுப்பு. வெகுகாலம் அதை வடகிழக்கு மலைகளிலும் அதற்கப்பாலும் வாழும் மந்திகளின் கூட்டத்தில் சேர்த்து வைத்திருந்தார்கள். மண்டையோட்டையும் நிறத்தையும் பார்த்துச் செய்த முடிவு. பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தைச் சேர்ந்த பிரவீண் கரந்தும் அவர் கூட்டாளிகளும் மரபணுவைப் படித்து, 2008-ல் வேறு கதை சொன்னார்கள். கருமந்தியின் நெருங்கிய உறவு அனுமார் மந்திதானாம். இலங்கையின் ஊதாமுக மந்தியும் அதே குடும்பம். அந்தப் பேரினத்துக்கு 'செம்னோபிதிகஸ்' என்று பெயர். கிரேக்க மொழியில் 'வணக்கத்துக்குரிய குரங்கு' என்று அர்த்தம்!

அந்த வணக்கத்துக்குரிய பிராணியைத்தான் நாம் 'கருங்குரங்கு ரசாயனம்' என்று லேகியம் கிண்டித் தின்றோம். இளைப்பு தீரும், உடம்பு தேறும் என்று நம்பிக்கை. சாம்பல் நிறத்து அண்ணனுக்கு வடைமாலை, கறுப்புத் தம்பிக்குத் துப்பாக்கி. நிறத்தை வைத்து மனிதர்களுக்கு நாம் செய்ததைவிட இது ஒன்றும் புதிதல்ல. 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகுதான் அந்த வியாபாரம் ஒடுங்கிற்று. அப்போது யாரும் ஜீனைப் பார்த்துச் சட்டம் போடவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

ஜீனாவது ஒரே வாக்காகச் சாட்சி சொல்லுகிறதா? அஸ்ஸாம் பக்கத்துப் பொன்மந்தியிடம் தாய்வழி ஜீனைக் கேட்டால் அனுமார் குலம் என்கிறது. மற்ற ஜீன்களைக் கேட்டால் கிழக்கத்தி மந்திகளின் குலம் என்கிறது. எப்போதோ கலப்பு மணம் நடந்திருக்கலாம் என்கிறார்கள். கோத்திரம் பார்த்துக் கல்யாணம் பேசுகிறவர்கள் இதைப் படிக்காமலிருப்பது அவர்கள் நிம்மதிக்கு நல்லது.

இதையெல்லாம் பெரியவரிடம் எனக்குத் தெரிந்த தமிழில் விளக்கினேன். ரத்தத்தைச் சோதித்தால் நமக்கும் குரங்குக்கும்கூடத் தூரத்து உறவு விளங்கும் என்றேன். உறவு என்று தெரிந்தால் மனிதன் கை தானே தாழும் என்பது என் எண்ணம்.

அவர் டப்பாவைக் கீழே வைத்தார். "உறவுன்னா விட்டுடுவாங்களா சாமி? எங்க ஊர்ல வரப்புத் தகராறு அத்தனையும் பங்காளிங்களுக்குள்ளதான்."

எனக்குப் பதில் வரவில்லை. அதற்குள் மரத்தில் சலசலப்பு. குட்டியை வயிற்றில் சுமந்த பெண் குரங்கொன்று பழுத்த பலாவைத் துளைத்துக் கொண்டிருந்தது. பெரியவர் டப்பாவை எடுத்தார், குட்டியைப் பார்த்தார், தட்டவில்லை.

"இவ மட்டும் தின்னுட்டுப் போகட்டும்" என்றார். பிறகு அடுத்த மரத்துப் பக்கம் போய்ப் பலமாகத் தட்டத் தொடங்கினார்.