ஆங்கிலம் படித்தவன் யாருக்காக எழுதுகிறான்?

"இங்கிலீஷ் லிட்ரேச்சர் படிச்சு என்ன செய்யப் போற?" எஸ்டிபிஎம் முடித்துவிட்டு இந்தத் துறையைத் தேர்ந்தெடுக்கும் நம் பிள்ளைகளில் இந்தக் கேள்வியிலிருந்து தப்பியவர்கள் குறைவு. நானும் வாங்கியவன்தான். இப்படிக் கேட்கும் பெற்றோரை விவரம் தெரியாதவர்கள் என்று கிண்டல் செய்யும் பழக்கம் நம் இளைஞர்களிடம் உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. லாரி ஓட்டி, ஓவர்டைம் செய்து படிக்க வைக்கிறவருக்கு அதைக் கேட்க முழு உரிமை இருக்கிறது. பிடிபிடிஎன் கடனைக் கவிதை சொல்லி அடைக்க முடியாது.

ஆகவே நேர்மையாகவே பதில் சொல்வோம். மருத்துவம் படித்தவர் டாக்டர், சட்டம் படித்தவர் வக்கீல். ஆங்கில இலக்கியப் பட்டத்துக்கு அப்படி ஒரு பெயர்ப்பலகை கிடையாது. அரசாங்கப் பள்ளியில் ஆசிரியராவதற்கே தனியாக ஆசிரியர் பயிற்சித் தகுதி வேண்டும். என்னோடு படித்தவர்களில் ஒருவர் தொலைக்காட்சிக்கு வசனம் மொழிபெயர்க்கிறார், ஒருவர் வங்கியில், இன்னொருவர் விளம்பரக் கம்பெனியில். நேர்முகத் தேர்வில் யாரிடமும் ஷேக்ஸ்பியரைப் பற்றிக் கேட்கவில்லை. ஒரு பக்கம் எழுதிக் கொடு என்றார்கள், அவ்வளவுதான். 'ஸ்கார்பியன் ஆர்கிட்' நாவலை எழுதிய லாயிட் பெர்னாண்டோ மலாயாப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலப் பேராசிரியராக இருந்தவர். பிறகு சட்டம் படித்து வழக்கறிஞரானார். ஒரு வரியைத் திருப்பித் திருப்பிப் படிக்கத் தெரிந்தவருக்கு அது அவ்வளவு தூரத்துப் பயணம் இல்லை என்றே நினைக்கிறேன்.

சம்பளக் கேள்விக்கு இது போதும். என்னை உறுத்துவது வேறு கேள்வி.

தோட்டத்தில் வளர்ந்த நம் பெரியவர்களுக்குக் கிராணி என்றால் யார் என்று தெரியும். துரைக்கும் தொழிலாளிக்கும் நடுவில் நின்றவர். ஆங்கிலம் தெரிந்தவர். ஆபீசில் இருந்து ஒரு கடிதம் வந்தால் அதில் என்ன இருக்கிறது என்று அவர் சொன்னால்தான் தெரியும். "அவரு வாயத் தொறந்தாத்தான் நமக்கு சேதி" என்பார் என் தாத்தா. எல்லாக் கிராணிமாரும் கெட்டவர்கள் இல்லை. தொழிலாளிக்காக மனு எழுதிக் கொடுத்தவர்களும் உண்டு, பாதியை மறைத்தவர்களும் உண்டு. இருவருக்கும் தெரிந்தது ஒரே ஆங்கிலம்தான்.

கெடாவைச் சேர்ந்த கே.எஸ். மணியம் 1981இல் ஆங்கிலத்தில் எழுதிய 'த ரிட்டர்ன்' நாவலில், சலவைத் தொழிலாளியின் மகன் ரவி ஆங்கிலப் பள்ளிக்குப் போகிறான். படிக்கப் படிக்க வீட்டிலிருந்து விலகிப் போகிறான். அதைப் பல்கலைக்கழகத்தில் பாடத்துக்காகப் படித்தேன். இப்போது என் மேசையில் உட்கார்ந்திருக்கும்போது அடிக்கடி ஞாபகம் வருகிறது.

நான் ஒரு காப்புறுதி நிறுவனத்தில் கடிதம் எழுதுகிறவன். இழப்பீடு கேட்டவர்களுக்கு "இல்லை" என்று சொல்லும் கடிதங்கள். இந்த வேலையை எனக்கு வாங்கிக் கொடுத்தது என் பட்டம்தான். இல்லை என்ற சொல்லே வராமல் இல்லை என்று எழுத எனக்குத் தெரியும். "கோரிக்கை பரிசீலிக்கப்பட்டது, ஏற்க இயலாததாக முடிவு செய்யப்பட்டது." முடிவு செய்தது யார்? வாக்கியத்தில் ஆளே இல்லை. ஒரு வாக்கியத்தில் யாரை ஒளித்து வைத்திருக்கிறார்கள் என்று கண்டுபிடிக்கத்தான் எனக்கு மூன்று வருடம் சொல்லிக் கொடுத்தார்கள். அதே பாடத்தைத் திருப்பிப் போட்டால் ஆளை ஒளித்தும் வைக்கலாம். கற்றுக் கொடுத்தவர்கள் அதைச் சொல்லவில்லை, சொல்ல வேண்டியதும் இல்லை.

முடிவில் உடன்பாடு இல்லாதவர்கள் மறுபரிசீலனை கேட்கலாம் என்ற வரி எங்கள் கடிதத்தின் பின்பக்கம், பொடி எழுத்தில் இருந்தது. போன வருடம் மாதிரிக் கடிதத்தைத் திருத்தச் சொன்னபோது அந்த வரியை முன்பக்கம் இரண்டாவது பத்தியில் வைத்தேன். மேலதிகாரி கூப்பிட்டார். "ஏன்பா, எல்லாரும் திருப்பி எழுத ஆரம்பிச்சா யாரு பதில் சொல்றது?" என்றார். நான்தான் சொல்லணும், அதுக்குத்தானே சம்பளம் என்றேன். அவர் சிரிக்கவில்லை. அந்த வரி இப்போதைக்கு முன்பக்கத்தில்தான் இருக்கிறது. எத்தனை நாளைக்கு என்று தெரியாது. வீட்டுக் கடன் எனக்கும் உண்டு.

என் சித்தப்பா மகள் இந்த வருடம் இதே படிப்புக்கு விண்ணப்பம் போடுகிறாள். "அண்ணே, படிக்கலாமா, வேணாமா?" என்றாள். படி என்றேன். மலாயை விடாதே, தமிழையும் விடாதே, மூன்று மொழியில் எழுதத் தெரிந்தவருக்கு இந்த நாட்டில் வேலை கிடைக்கும் என்றேன். அப்பாவிடம் ஷேக்ஸ்பியர் பெருமை பேசாமல் மாதக் கடன் எவ்வளவு, எப்படிக் கட்டுவாய் என்று ஒரு தாளில் எழுதிக் காட்டு என்றும் சொன்னேன்.

"அந்தத் தாளத் தமிழ்ல எழுதவா, இங்கிலீஷ்லயா?" என்று கேட்டாள். சித்தப்பாவுக்கு ஆங்கிலம் வராது. தமிழில் எழுதச் சொன்னேன்.