பிரிக்காத பெட்டி

பாளையங்கோட்டையில் என் அக்கா மகன் வீட்டு மாடியில் ஒரு கண்ணாடி அலமாரி இருக்கிறது. ஒரு காலத்தில் அக்கா கொலுப் பொம்மைகளை வைத்திருந்த அலமாரி. இப்போது அங்கே செட்டியாரும் இல்லை, செட்டிச்சியும் இல்லை. டிராகுலா, மம்மி, ஓநாய் மனிதன், ஃபிராங்கன்ஸ்டைனின் பூதம், ஜப்பானிலிருந்து வந்த காட்ஜில்லா. எல்லாம் பழைய சினிமாப் பூதங்கள். கை, கால், கழுத்து எல்லாம் மடங்குமாம். ஆனால் யாரும் மடக்கிப் பார்த்ததில்லை. ஒன்றைக்கூட அவன் பெட்டியிலிருந்து வெளியே எடுக்கவில்லை.

"பிரிச்சா வெல போயிரும் மாமா" என்றான்.

டிராகுலா, ஃபிராங்கன்ஸ்டைன் இரண்டு படங்களுமே 1931-ல் வந்தவை. முப்பது வருஷம் கழித்து, 1961-ல், அமெரிக்காவின் அரோரா கம்பெனி இந்தப் பூதத்தைப் பையன்கள் ஒட்டிச் சேர்க்கும் பிளாஸ்டிக் பொம்மையாக்கி விற்றது. அதற்குப் பிறகு கை, கால் அசையும் பொம்மைகள் வந்தன. பையன்கள் வாங்கினார்கள், தரையில் தேய்த்தார்கள், கையை ஒடித்தார்கள், தொலைத்தார்கள். அப்படித் தொலைத்ததால்தான் தப்பிப் பிழைத்தவற்றுக்கு இன்று இத்தனை கிராக்கி. இப்போது அமெரிக்காவில் பொம்மைகளைப் பரிசோதித்து நூற்றுக்கு இவ்வளவு என்று மார்க் போடவே நிறுவனம் இருக்கிறது. அட்டையின் மூலை மழுங்கியிருக்கிறதா, மேலே மூடியிருக்கும் பிளாஸ்டிக் மஞ்சள் பூத்திருக்கிறதா, பெயிண்ட் பிசிறியிருக்கிறதா என்று பார்த்து மார்க் போட்டு, கெட்டியான இன்னொரு பெட்டியில் வைத்து மூடிக் கொடுத்துவிடுவார்கள்.

"எண்பத்தஞ்சு வாங்குனாலே பெரிய விஷயம்" என்றான். அவனுடைய பிளஸ் டூ மார்க்கை அக்கா தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு போன குரல் ஞாபகத்துக்கு வந்தது.

போன லீவில் ஒரு மத்தியானம். எல்லோரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். அவன் மகள், ஆறு வயசு, அம்பாசமுத்திரத்து மரச் சொப்புகளைப் பரப்பி மாடியில் விருந்து சமைத்துக்கொண்டிருந்தாள். திடீரென்று அலமாரியைக் காட்டி, "தாத்தா, அவருக்குப் பசிக்கும்லா?" என்றாள்.

நான் கத்தரிக்கோலை எடுத்தேன்.

சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. அவள் கேட்டது சோறுதான். பெட்டியைப் பிரிக்கச் சொல்லவில்லை. பிரித்தது நான். பூதம் வெளியே வந்து, சம்மணம் போட வராமல் காலை நீட்டி உட்கார்ந்து, காலிக் கிண்ணத்தில் சாம்பார் சாதம் சாப்பிட்டது. அக்கா மகன் எழுந்து வந்து பார்த்தான். கத்துவான் என்று நினைத்தேன். கத்தவில்லை. கீழே கிடந்த செல்லோடேப்பை எடுத்துச் சுருட்டிக்கொண்டே, "ரெண்டு மாசச் சம்பளம் மாமா" என்றான். அவ்வளவுதான்.

அந்தப் படத்தில் ஒரு காட்சி வரும். ஊரே விரட்டும் பூதத்தைப் பார்த்துப் பயப்படாதது ஒரே ஒரு சின்னப் பெண். ஏரிக்கரையில் அவனை விளையாடக் கூப்பிடுகிறாள். இருவரும் பூக்களைத் தண்ணீரில் மிதக்க விடுகிறார்கள். பூ தீர்ந்ததும், அவளும் பூவைப்போல மிதப்பாள் என்று நம்பி அவளையே தூக்கிப் போட்டுவிடுகிறான். அவன் கெட்டவன் இல்லை. எது மிதக்கும், எது மூழ்கும் என்று தெரியாதவன். அன்று மாடியில் பூதத்தின் வேலையைச் செய்தது நானோ என்று சந்தேகமாக இருக்கிறது.

ஏனென்றால் அவன் பக்கமும் நியாயம் இருக்கிறது. பத்திரப்படுத்த ஆள் இல்லையென்றால் எதுதான் மிஞ்சும்? இதே தாமிரபரணிக் கரையில் ஆதிச்சநல்லூரில் அலெக்சாண்டர் ரீ நூறு வருஷத்துக்கு முன்னால் தோண்டி எடுத்ததைப் பாதுகாத்ததால்தானே எழும்பூர் மியூசியத்தில் பார்க்க முடிகிறது? ஆனால் ஒரு வித்தியாசம். அந்தப் பானையில் யாரோ ஒருத்தி எதையோ வைத்திருந்தாள். ஒரு கை பட்டது என்பதற்காகத்தான் அதைக் காப்பாற்றுகிறோம். பெட்டிப் பொம்மையை, ஒரு கையும் படவில்லை என்பதற்காகக் காப்பாற்றுகிறோம்.

நம் ஊர்ப் பூதங்களின் கதையே வேறு. கந்த சஷ்டி அன்று திருச்செந்தூர்க் கடற்கரையில் சூரன் வருவான். யானை முகம் போகும், சிங்க முகம் வரும், அதுவும் போய்ச் சொந்த முகம் வரும். தகப்பன் தோளில் உட்கார்ந்திருக்கிற பிள்ளை முதலில் பயந்து, பிறகு கைதட்டும். தோற்ற சூரனை முருகன் தூரப் போடவில்லை. மயிலாகவும் சேவலாகவும் பக்கத்திலேயே வைத்துக்கொண்டான் என்கிறது புராணம். வருஷா வருஷம் வெளியே வந்து தோற்பதுதான் சூரனின் மதிப்பு. மூலை மழுங்காமல் இருப்பதில் இல்லை.

இவ்வளவும் சரி. ஆனால் ஒரு பொருளின் மதிப்பு எதில் இருக்கிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டால், அடுத்தவன் பெட்டியைப் பிரிக்க எனக்கு உரிமை வந்துவிடுமா? சின்ன வயதில் அவன் கேட்ட பொம்மை எதையும் அவன் அப்பாவால் வாங்கித் தர முடிந்ததில்லை. அந்த அலமாரி அவனுக்கு வெறும் விலை மட்டும்தானா? அதை நான் கேட்கவே இல்லை. கத்தரிக்கோலுக்கு முன்னால் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது.

பணம் கொடுத்தேன். வாங்கவில்லை. "விடுங்க மாமா."

மறுமாசம் போனேன். பூதம் சொப்புக் கூடையில் கிடந்தது. ஒரு கால் தொளதொளவென்று ஆடியது. தலையில் மஞ்சள் ரிப்பன். அலமாரியில் அந்தக் காலிப் பெட்டி மட்டும் பழைய இடத்திலேயே நின்றது.

"இது எதுக்குடா இன்னும்?"

"வெறும் பெட்டிக்கும் வெல இருக்கு மாமா" என்று சிரித்தான். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "விக்க மாட்டேன். சும்மா வச்சிருக்கேன்" என்றான்.

எதற்கு என்று இந்த முறை கேட்டேன். பதில் சொல்லாமல், ஆடுகிற காலைச் சரிபண்ணப் பசை தேடப் போனான்.