முள்ளெலியும் சுத்தியலும்

கொல்லாமையைப் பற்றி நம்மவர் பேசாத மேடை இல்லை. கோயில் வாயிலில் ஆடு வெட்டுவதைச் சீர்திருத்தக்காரர் கண்டிக்கின்றனர், கேட்போரும் தலையசைக்கின்றனர். அது மூடநம்பிக்கையினால் நிகழும் கொலையாதலின், தீர்ப்புக் கூறுதல் எளிது. ஆனால், ஓருயிரைக் கொன்றாலன்றிப் பல்லாயிரம் உயிர் பிழையா என்னும் நிலை வருமாயின் யாது செய்வது? அதிலும், கொல்லப்படும் உயிர் ஒரு குற்றமும் அறியாததாயின்? இஃது ஏட்டுவினா அன்று. அமெரிக்காவின் மேலைக்கரையில், கலிபோர்னியாவின் குளிர்ந்த கடலினுள், மக்கள் கையிற் சுத்தியலுடன் மூழ்கி இதற்கு விடை தேடி வருகின்றனர். அவ்விடையை ஆராயுமுன், அக்கடலினுள் இருப்பது யாதெனக் காண்போம்.

மாந்தரே வளைகுடாவின் நீர் பெரும்பாலும் 10 முதல் 15 டிகிரி சென்டிகிரேடு வரையே இருக்கும். நம் கடலிற் குளித்துப் பழகியவன் அதிற் கால் நனைத்தவுடன் கரையேறிவிடுவான். ஆகவே, அங்கு மூழ்குவோர் தடித்த ரப்பர் அங்கியை உடலொட்ட அணிகின்றனர். (அந்த ரப்பர் பெரும்பாலும் நம் பால்மரம் தந்ததன்று, இரசாயனசாலையிற் பிறந்தது.) முதுகிற் காற்றுக்கலனும் இடையில் ஈயக்கட்டிகளுமாக இறங்குவோன் முதலிற் காண்பது ஒரு கூரை. கெல்ப் என்னும் பழுப்புநிறப் பெரும்பாசியின் இலைகள் நீர்மட்டத்திற் பின்னிக் கிடக்கின்றன. கூரைக்குக் கீழே காடு! நல்ல காலத்தில் ஒரே நாளில் 2 அடி வளர்ந்து, 100 அடிக்கு மேலும் நீளும் தண்டுகள் வரிசை வரிசையாக அசைகின்றன. அடியில் வேர் போல் தோன்றுவது வேரன்று. பாறையைப் பற்றும் பிடிப்பு மட்டுமே. இலைதோறும் காற்றடைத்த சிறு குமிழ் ஒன்றுண்டு. அக்குமிழ்களே அவ்வளவு பெரிய தண்டையும் நிமிர்த்தி வைக்கின்றன. இடையிடையே சூரியவொளி தூண்தூணாக இறங்குகிறது. பாறைமீன்கள் அசைவற்று நிற்க, நண்டும் நத்தையும் தண்டின்மீது ஏறித் திரிய, கடல்நாய் ஒன்று நம்மை எட்டிப் பார்த்து மறைகிறது. தென்னமெரிக்காவின் தென்கோடியில் 1834-ம் ஆண்டில் இத்தகைய காட்டைக் கண்ட சார்லஸ் டார்வின், நிலத்தில் ஒரு காடு அழிந்தால் மடியும் உயிரினங்களைவிட, கெல்ப் அழிந்தால் மடிவன மிகப் பலவாகும் என்று கருதினார்.

சற்றுத் தூரம் நீந்தினாலோ, கத்தியால் வெட்டினாற்போற் காடு முடிந்துவிடுகிறது. அப்பால் மொட்டைப் பாறை. அதன்மீது நெருக்கமாக, உருண்டை உடலெங்கும் ஊதா முட்களும் அடிவாயில் ஐந்து பற்களும் கொண்ட கடல் முள்ளெலிகள். காட்டைத் தின்று தீர்த்தவை இவையே.

இவற்றின் தொகையை அடக்கி வைத்திருந்தவை யாவை? ஒன்று, நாள்தோறும் தன் எடையிற் கால்பங்கு உணவு கொள்ளும் கடல் நீர்நாய். 1741-ல் விட்டஸ் பேரிங்குடன் வடபசிபிக் கடலிற் சென்ற ரஷ்ய மாலுமிகள், அவரை இழந்து மறு ஆண்டு திரும்பியபோது இதன் தோலைக் கொண்டுவந்தனர். அன்று தொடங்கிய வேட்டை, 1911-ல் ரஷ்யா, ஜப்பான், பிரிட்டன், அமெரிக்கா ஆகிய நான்கு அரசுகள் உடன்படிக்கை செய்யும் வரை ஓயவில்லை. அப்போது கலிபோர்னியாக் கரையில் எஞ்சியவை ஏறக்குறைய 50. இன்று அம்மாகாணத்தின் நடுக்கரையிற் சுமார் 3,000 உள. வடகரைக்கு அவை இன்னும் திரும்பவில்லை. அங்கே காவல் செய்து வந்தது சூரியகாந்தி நட்சத்திர மீன். 2013-ல் தோன்றிய ஒரு நோய் அதனை உருக்கி அழித்தது. அடுத்து, 2014 முதல் 2016 வரை கடல் வெப்பமேறியது. வடகரையின் கெல்ப்பில் 90 விழுக்காட்டிற்கு மேல் மறைந்தது. உணவின்றி அபலோன்கள் மடிந்தமையால், 2018-ல் அவற்றைப் பிடிப்பதையும் அரசாங்கம் நிறுத்தியது.

முள்ளெலியோ பட்டினியால் எளிதிற் சாவதில்லை. உள்ளே சதை வற்றி, வெறும் ஓடாக ஆண்டுக்கணக்கில் உயிர் வைத்திருந்து, முளைக்கும் ஒவ்வொரு கெல்ப் குருத்தையும் அரித்துவிடுகிறது. சதையற்ற முள்ளெலியை நீர்நாயும் தீண்டுவதில்லை. ஆகவே, மாந்தரேக்கு அருகேயுள்ள டாங்கர்ஸ் ரீப் என்னும் பாறைத்திட்டில், மூழ்குவோர் கைக்கருவியால் முள்ளெலிகளை உடைக்கலாமென 2021-ல் அனுமதி அளிக்கப்பட்டது.

இது தகுமா? இயற்கையை அதன்போக்கில் விட்டுவிடுக என்பாருமுளர். நன்று, ஆனால் அதன் போக்கைத் தடுத்தவன் மனிதனேயன்றோ? வீட்டிற்குத் தீ வைத்தவன், காற்றின் போக்கில் குறுக்கிடேன் என்று கைகட்டி நிற்பது அறமாகாது. முள்ளெலிக்கு மூளை இல்லை, எனவே நோவும் இல்லை என்று கூறி மனத்தை ஆற்றிக்கொள்வாரும் உளர். அதற்கு நரம்பு உண்டு. தொட்டால் முள்ளைத் திருப்புகிறது. பகையை உணர்ந்து நகர்கிறது. இல்லையென்று துணிய நமக்கு உரிமை ஏது?

ஆயினும், சுத்தியலை நாம் வெறுத்தொதுக்கவில்லை. நாம் வெறுப்பது அதனுடன் சேர்ந்து வரும் ஒரு சொல்லை. பத்திரிகைகள் முள்ளெலியைப் படையெடுத்து வந்த பகைவன் என்று எழுதுகின்றன. காடு செழித்த இடத்திலே இதே முள்ளெலி பாறையிடுக்கில் அமர்ந்து, தானே உதிர்ந்து வரும் இலையை உண்டு வாழ்கிறது. உதிர்வது நின்றபின்னரே அது வெளியே வந்தது. பசித்து வந்தவனைக் கள்வனென்று கட்டிவைத்து, அவன் கலத்தைக் கவிழ்த்தவனைக் கனவான் என்று நாற்காலியில் அமர்த்தும் வழக்கை நம்மவர் தோட்டத்திலும் நகரத்திலும் கண்டதில்லையா? தோல் விற்றுப் பணம் குவித்தவனை எவரும் இங்குப் பகைவன் என்று எழுதக் காணோம்.

ஆகவே, சுத்தியல் ஏந்துவோன் விளையாட்டிற்காகவன்றி, குறித்த இடத்தில், கணக்கு வைத்து, ஒரு பழைய கடனைத் தீர்க்கும் நினைவோடு ஏந்துவானாயின், அவனை நாம் குறை கூறோம். கொன்றேன், வேறு வழியறியேன் என்று சொல்லும் நாணம் அவனுக்கு இருத்தல் வேண்டும். வேறு வழிகளும் மெல்லத் திறக்கின்றன. வாடிய முள்ளெலிகளைத் தொட்டியில் உணவிட்டுத் தேற்றி, உணவுக்கு விற்போர் உளர். நட்சத்திர மீனைக் கொன்ற பாக்டீரியாவை 2025-ல் ஆராய்ச்சியாளர் அடையாளம் கண்டனர். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் பிரைடே ஹார்பர் ஆய்வுக்கூடத்தில், தொட்டிகளில் சூரியகாந்தி நட்சத்திர மீன் குஞ்சுகளை வளர்த்து வருகின்றனர்.