பெயர் இருக்கும் பக்கம்

இத்தாலியின் போலோன்யா நகரத்தில் ஜோர்ஜோ மொராந்தி (1890–1964) என்று ஓர் ஓவியர் இருந்தார். கல்யாணமாகாத மூன்று தங்கைகளோடு ஒரே வீட்டில் வாழ்ந்தார். படுக்கிற அறையிலேயே படமும் வரைந்தார். வரைந்தவை பெரும்பாலும் புட்டிகள், ஜாடிகள், தகர டப்பாக்கள். கொஞ்சம் பூக்கள். கோடைக்குப் போகும் கிரிட்ஸானா ஊரின் சரிவுகள். வயிற்றுப்பாட்டுக்கு 1930 முதல் 1956 வரை கலைக் கல்லூரியில் செப்புத்தகட்டு அச்சோவியம் சொல்லிக்கொடுத்தார். அறுபதைத் தாண்டிய பிறகுதான் முதன்முறையாக நாட்டை விட்டு வெளியே போனார். அதுவும் பக்கத்திலிருக்கும் சுவிட்சர்லாந்துக்கு.

கலைஞன் ஊர் ஊராக அலைந்து அனுபவம் சேர்க்க வேண்டும் என்பார்கள். சேர்க்கட்டும். எனக்கு மொராந்தியை நினைத்தால் நிம்மதியாக இருக்கிறது.

*

புட்டியை அவர் அப்படியே வரைந்துவிட மாட்டார். சிலவற்றின் உள்ளே சாயம் ஊற்றுவார், சிலவற்றுக்கு வெளியே பூசுவார். பளபளப்பு போய்விடும். ஜன்னல் தெரியாது, அறை தெரியாது, எதிரே நிற்பவர் முகமும் தெரியாது. படிந்த தூசியைத் துடைக்கவும் மாட்டார். பிறகு மேசைமேல் நிறுத்துவார். அரை விரற்கடை தள்ளுவார், விலகிப் பார்ப்பார், ஒன்றின் பின்னால் இன்னொன்றை ஒளித்து வைப்பார். நாள்கணக்கில் இதுதான் வேலை. தூரிகை பிடித்த பிறகு சீக்கிரம் முடிந்துவிடும்.

எந்தப் புட்டி எங்கே நின்றது என்று மேசையில் விரித்த தாளில் பென்சிலால் சுற்றி வரைந்துகொள்வார். கோட்டின்மேல் கோடாக எத்தனையோ புட்டிகளின் அடித்தடம். அவர் ஓவியங்களைவிட அந்தத் தாள்மேல்தான் எனக்கு ஆசை. விற்கவோ மாட்டிவைக்கவோ போடாத கோடுகள் அவை. 1957இல் சாவ் பாவ்லோவில் பெரிய பரிசு கிடைத்தது. அதற்குப் பிறகும் அதே அறை, அதே புட்டிகள்.

*

என் மேசையில் எவர்சில்வர்தான். நம் சமையலறையில் வேறென்ன இருக்கிறது? ஆனால் எவர்சில்வர் டம்ளரை வரைய உட்கார்ந்தால் டம்ளரைத் தவிர எல்லாம் தெரியும். நெளிந்த ஜன்னல் கம்பி, ட்யூப்லைட்டின் ஒரு கீற்று, நடுவில் மூக்கு பெருத்த நான். அதற்கென்று சொந்த நிறமே கிடையாது.

கலை என்பது தன்னை வெளிப்படுத்துவது என்று மேடைக்கு மேடை சொல்கிறார்கள். எனக்கு அதில் பாதிச் சந்தேகம். தன்னை எதற்குத் தேடிப் போவது? எதை வரைய உட்கார்ந்தாலும் நமக்கு முன்னால் அங்கே வந்து உட்கார்ந்திருக்கிறதே! அதை நகர்த்துவதுதான் பாடாக இருக்கிறது.

*

பெயின்ட் அடித்தால் வீட்டில் திட்டு விழும். அரிசிமாவைக் கரைத்துப் பூசினேன். காய்ந்ததும் ஜன்னல் போயிற்று, நானும் போனேன். விளிம்பின் கனம், அடியில் குறுகும் வாட்டம், எப்போதோ விழுந்து வாங்கிய நெளிசல் எல்லாம் நின்றன. வழித்துவிட்ட இடத்தில், மாவு தங்கிய சின்னச் சின்னப் புள்ளிகள். பாட்டியின் முதலெழுத்தும் பெயரும். பந்திக்குப் போன பாத்திரம் வீடு மாறிவிடாமலிருக்க அந்தக் காலத்தில் கடையிலேயே வெட்டித் தருவார்கள். தேய்த்துத் தேய்த்து மழுங்கி, தினமும் அதில் காபி குடித்தும் என் கண்ணில் படாமல் இருந்திருக்கிறது.

பெயரையும் வரையலாமா என்று வெகுநேரம் யோசித்தேன். எழுத்து இருந்தால் பார்க்கிறவர் படிக்கத் தொடங்கிவிடுவார். யார் அது என்று கேட்பார். நான் சொல்ல வேண்டிவரும். சொல்லச் சொல்ல டம்ளர் பின்னால் போய்விடும்.

டம்ளரைச் சற்றே திருப்பினேன். பெயர் வலது விளிம்பைத் தாண்டி மறைந்தது. படத்தில் அது இல்லை. ஆனால் வலது விளிம்பை இழுக்கும்போது மட்டும் கை மெதுவாகப் போயிற்று. கோடு அங்கே கொஞ்சம் அழுத்தமாக விழுந்திருக்கிறது. அழிக்கவில்லை.