கூட்டத்தில் ஒரு குரல்

டாக்கிங் ஹெட்ஸ் ராக் குழு என்றால் பலருக்கும் ‘ஸ்டாப் மேக்கிங் சென்ஸ்’தான். ஜோனதன் டெம்மி எடுத்த கச்சேரிப் படம், பாடகர் டேவிட் பைர்ன் போட்டுக்கொண்டு ஆடும் அந்தத் தொளதொள கோட்டு. எனக்கும் படம் பிடிக்கும். ஆனால் அது கண்ணுக்கான விருந்து. கேட்க மட்டும் என்றால், அதற்கு இரண்டு வருடம் முன்பு, 1982இல் வந்த இரட்டைக் கச்சேரி இசைத்தட்டைத்தான் எடுப்பேன்: ‘தி நேம் ஆஃப் திஸ் பேண்ட் இஸ் டாக்கிங் ஹெட்ஸ்’.

*

முதல் பக்கம் 1977இல் பதிவானது. மேடையில் நான்கே பேர். பைர்ன் பாட்டின் பெயரை மட்டும் சொல்கிறார், வருகைப் பதிவு எடுப்பதுபோல. ரசிகர்களைக் குஷிப்படுத்தும் பேச்சு இல்லை. ‘சைக்கோ கில்லர்’ பாட்டில் டீனா வேமவுத்தின் பேஸ் முதலில் வருகிறது, அவசரமில்லாமல். அதன்மேல் பைர்னின் குரல் இறுகி, நடுங்கி, சில இடங்களில் கிறீச்சிடுகிறது. பதில் சொல்ல யாரும் இல்லை. கருவிகளுக்கு நடுவே இருக்கும் இடைவெளிகூடக் காதில் விழுகிறது. நியூ வேவ் என்று பேர் வைத்து அடுக்கிய பல இசைத்தட்டுகளில் இந்த வெற்றிடம் கிடையாது.

*

இரண்டாம் பக்கம் 1979. நன்றாக வாசிக்கிறார்கள், அவ்வளவுதான்.

*

மூன்றாம் பக்கம் வைத்ததும் வேறு குழு போல இருக்கிறது. காரணம் எளிது. தயாரிப்பாளர் பிரையன் ஈனோவோடு செய்த ‘ரிமெய்ன் இன் லைட்’ இசைத்தட்டு 1980இல் வந்தது. சின்னச் சின்னத் தாளத் துண்டுகளைத் திரும்பத் திரும்ப வாசித்து, ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றிச் செய்த இசை. அதை மேடையில் நான்கு பேரால் தூக்க முடியாது. ஆகவே பார்லமென்ட் ஃபங்கடெலிக்கிலிருந்து பெர்னி வொரல், கிதாருக்கு ஏட்ரியன் பெலூ, இரண்டாவது பேஸுக்கு பஸ்டா ஜோன்ஸ், இன்னும் சிலர். கறுப்பின ஃபங்க் கலைஞர்கள் வந்து சேர்ந்ததும் குழுவிடமிருந்த கலைக்கல்லூரி மாணவர் வாடை போய்விட்டது.

*

‘தி கிரேட் கர்வ்’ பாட்டைத் திரும்பத் திரும்பக் கேட்கிறேன். ஒரு குரல் தொடங்க, இன்னொன்று குறுக்கே வர, மூன்றாவது அடியில் ஓடுகிறது. பெலூவின் கிதார் பிளிறுகிறது. பைர்ன் அதே பதற்றக்காரர்தான். ஆனால் இப்போது அந்தப் பதற்றத்தைச் சுற்றிலும் ஆட்கள். அவர் குரல் நழுவும் இடத்தில் பின்னணிப் பாடகிகள் வாங்கிக்கொள்கிறார்கள். முதல் பக்கத்தில் தனியாக நின்றவர் இங்கே ஒரு தாளத்துக்குள் கரைவதைக் கேட்க முடிகிறது. ஸ்டுடியோ வடிவம் இதற்கு முன்னால் கொஞ்சம் சோகைதான்.

*

குறை இல்லாமல் இல்லை. ஒரே கச்சேரி அல்ல இது. நியூயார்க், நியூ ஜெர்சி, டோக்கியோ என்று பல ஊர்ப் பதிவுகளை ஒட்டியது. ஒரு இரவு முழுக்க உட்கார்ந்து கேட்ட நிறைவு வராது. எனக்கு அது பெரிதாகப் படவில்லை.

2004இல் சிடியாக வந்தபோது பாட்டுகளைக் கூட்டினார்கள். எதில் கேட்டாலும் சரி, 1977ஐத் தாண்டிக் குதித்து நேரே 1980க்குப் போகாதீர்கள்.